மணமுறிவுக்குப் பின் வீட்டுச் சாமான்கள்: எதை மீட்பது, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

"அந்த வீட்டிலிருந்து எனக்கு ஒரு டம்ளர்கூட வேண்டாம், என்னை விட்டால் போதும்." மணவாழ்க்கை முறிந்து அம்மா வீட்டுக்கு வரும் பெண்கள் பலர் முதல் மாதத்தில் சொல்வது இதுதான். மனசாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் கொஞ்ச நாள் கழித்துத் தனியாக வீடு பார்த்து, குக்கர் முதல் கரண்டி வரை கடனுக்கு வாங்கும்போது, அப்பா காட்டை அடமானம் வைத்துப் போட்ட நகை இன்னொருவர் பீரோவில் இருக்கிறது என்ற நினைப்பு தூங்க விடாது.

நான் பார்த்தவரை, கைக்கு வந்த பொருளைத்தான் மனதாரக் கழிக்க முடியும். வராத பொருளை "விட்டுவிட்டேன்" என்று வாயால் சொன்னாலும் அது மனதிலேயே கிடக்கும். அதனால் முதலில் மீட்பது, அப்புறம் பிரிப்பது, கடைசியில்தான் கழிப்பது. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இடங்கள் சேலத்தை வைத்துச் சொல்லியிருக்கிறேன். சட்டம் பற்றிய பகுதி பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியது. கிறிஸ்தவ, முஸ்லிம் திருமணங்களுக்கு மணமுறிவுச் சட்டம் வேறு. சாமானைப் பிரிக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான். அடி உதை இருந்த வீடு என்றால் சாமானைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். உயிரோடு வெளியே வருவது முதல் வேலை. 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

முதல் வேலை: காகிதமும் ஃபோன் நம்பரும்

நகையைவிட முந்தியது பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல். சிரிக்காதீர்கள், நகைக்காவது விலை உண்டு. தொலைந்த மார்க் ஷீட்டுக்கு நகல் வாங்க, போலீஸில் எழுதிக் கொடுத்து, சான்று வாங்கி, விண்ணப்பித்து என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். வேலைக்குப் போக வேண்டிய நேரத்தில் அந்த அலைச்சல் ஆகாது. பட்டப்படிப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்புக், பாஸ்போர்ட், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை எல்லாம் ஒரே பையில் வரட்டும். அசலை எடுக்க முடியவில்லையா, ஃபோனில் படமாவது எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்தது சிம் கார்டு. கல்யாணமான புதிதில் கணவர் பெயரில் வாங்கிக் கொடுத்த சிம்மைத்தான் இன்னமும் பலர் வைத்திருக்கிறார்கள். வங்கி ஓடிபி, ஆதார் ஓடிபி, ஜிபே எல்லாம் அந்த நம்பருக்குத்தான் வரும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் நினைத்தால் ஒரே நாளில் அதை முடக்கிவிடலாம். உங்கள் பெயரில் புது நம்பர் வாங்கி, வங்கியிலும் ஆதாரிலும் மாற்றிவிடுங்கள். ஆதாரில் நம்பர் மாற்றப் பழைய நம்பர் தேவையில்லை. மையத்துக்கு நேரில் போய் விரல் ரேகை வைத்தால் போதும். ஃபோன் பாஸ்வேர்டு, மெயில் பாஸ்வேர்டையும் அன்றைக்கே மாற்றுங்கள்.

இரண்டாவது: ஒரு நோட்டுப் போடுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். பொருள், யார் கொடுத்தது, இப்போது எங்கே இருக்கிறது, என்ன ஆதாரம் என்று நான்கு பத்தி போட்டு எழுதுங்கள். இந்த வேலைக்கு ஒரு வாரம் ஒதுக்கினாலும் தப்பில்லை.

எழுதுவதற்கு முன் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்போ, கல்யாணத்திலோ, அதற்குப் பிறகோ பெண்ணுக்கென்று கொடுத்த நகை, பணம், பாத்திரம், துணி எல்லாம் சீதனம். அம்மா வீட்டார் கொடுத்தாலும், மாமியார் வீட்டார் போட்டாலும், தோழி பரிசாகத் தந்தாலும் அது பெண்ணுக்கே சொந்தம். பாதுகாக்க வாங்கி வைத்த கணவரோ மாமியாரோ அதற்கு உரிமையாளர் ஆகிவிட மாட்டார்கள். உச்ச நீதிமன்றம் இதை 1985-இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. சீதனம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து அல்ல என்று 2024-இல் மறுபடியும் சொன்னது. வரதட்சணை என்று கொடுத்ததும் பெண்ணுக்கே போய்ச் சேர வேண்டும் என்பதுதான் 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டம்.

இருவருக்கும் சேர்த்துக் கொடுத்த பரிசுகள் பொது. அவற்றைப் பிரித்துத் தர இந்து திருமணச் சட்டம் 27-ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்து வாங்கிய ஃப்ரிட்ஜ், வண்டி, வீடு விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. எல்லாம் தானாகவே பாதிப் பாதி என்று நம் ஊர்ச் சட்டத்தில் கிடையாது. யார் பெயரில் இருக்கிறது, யார் பணம் போட்டது என்றுதான் பார்ப்பார்கள். ஆனாலும் 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்து சேர்ந்ததற்குக் காரணம் என்று சொல்லி அவருக்குச் சமபங்கு கொடுத்தது. எல்லா வழக்குக்கும் இது அப்படியே பொருந்திவிடாது. இருந்தாலும் உங்கள் பக்கம் பேச ஒரு வழி இருக்கிறது.

இனி ஆதாரம். நகைக்கடை பில் இருந்தால் நல்லது. பல வீடுகளில் இருக்காது. கல்யாண வீடியோவைப் பொறுமையாக ஓட்டிப் பாருங்கள். சீர்வரிசைத் தட்டுகள் வரிசையாக வரும் இடம், பெண் மணவறையில் உட்கார்ந்திருக்கும் இடம் இரண்டிலும் நகை ஒவ்வொன்றும் தெரியும். நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் வந்த பரிசுகளைக் கல்யாணத்தின்போதே பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும் என்று 1985-இல் விதியே போட்டிருக்கிறார்கள். யாரும் செய்வதில்லை. ஒருவேளை உங்கள் சித்தப்பா யாராவது சீர் லிஸ்ட் எழுதி வைத்திருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நம் வீடுகளில் இன்னொரு நல்ல ஆதாரம் இருக்கிறது. சீர்ப் பாத்திரம் வாங்கும்போது கடையிலேயே பெயர் வெட்டித் தருவார்கள். எவர்சில்வர் தூக்கைக் கவிழ்த்துப் பார்த்தால், அடி விளிம்பில் புள்ளி புள்ளியாக அப்பாவின் இனிஷியல், உங்கள் பெயர், கல்யாணத் தேதி இருக்கும். பித்தளை அண்டாவில் கழுத்துக்குக் கீழே, குத்துவிளக்கில் பாதத்துக்கு அடியில். அத்தை கொடுத்த குடத்தில் அத்தையின் பெயரே இருக்கும். இத்தனை வருடம் கழுவிக் கவிழ்த்தும் அழியாத எழுத்து அது. அந்த வீட்டுக்குள் போகும் வாய்ப்புக் கிடைத்தால், அல்லது அங்கே உங்களுக்கு நல்லவர் ஒருவர் இருந்தால், அந்த எழுத்துகளைப் படமெடுக்கச் சொல்லுங்கள்.

மொய் நோட்டையும் மறக்க வேண்டாம். உங்கள் பக்கத்து மொய் நோட்டு அம்மா வீட்டில் இருந்தால் நகல் எடுத்து வையுங்கள். யார் என்ன பாத்திரம் வைத்தார்கள், யார் மோதிரம் போட்டார்கள் என்பது அதில் இருக்கும். அதோடு, மொய் செய்தவர் வீட்டு விசேஷத்துக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கடமை கல்யாணம் முறிந்ததால் தீர்ந்துவிடுவதில்லை. உங்கள் பக்கத்து மொய்யை உங்கள் வீடு செய்யட்டும், அவர் பக்கத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதை முன்பே மனதில் தீர்த்துக்கொண்டால், பிற்பாடு உறவில் யாரும் குறை சொல்ல இடமிருக்காது.

மூன்றாவது: சாமான் வரும் முன் கையெழுத்துப் போடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால், இதைப் படியுங்கள்.

பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, ஸ்டாம்ப் பேப்பரில் "இருவரும் பிரிந்துவிட்டோம், பெண்ணுக்குரிய சாமான்கள் அனைத்தும் பெறப்பட்டன, இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடும் வழக்கம் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் இருக்கிறது. இப்படி எழுதிக்கொள்வது சட்டப்படி விவாகரத்து ஆகாது. நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள சாதி மரபு என்றால் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் அப்படி ஒரு மரபு இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். விவாகரத்துக்கு உதவாத அதே காகிதம், நாளைக்கு நீங்கள் நகையைக் கேட்கும்போது "எல்லாம் வாங்கிவிட்டாளே" என்று காட்ட உதவும். அதனால்தான் சொல்கிறேன், "பெறப்பட்டன" என்ற சொல்லுக்குக் கீழே, பெற்ற பிறகே கையெழுத்து.

பரஸ்பர சம்மதத்தில் பிரிவதாக இருந்தால் (இந்து திருமணச் சட்டம் 13பி பிரிவு) வழி கொஞ்சம் சுலபம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். முதல் மனு கொடுத்து ஆறு மாதம் கழித்து இரண்டாவது மனு. இந்த ஆறு மாதத்தைத் தேவையைப் பொறுத்துத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லியிருக்கிறது. சமரச ஒப்பந்தத்தில் "சாமான்கள் ஒப்படைக்கப்படும்" என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். நோட்டில் உள்ள பட்டியலை அப்படியே இணைத்து, எந்தத் தேதிக்குள், எந்த இடத்தில் என்று போடச் சொல்லுங்கள். இரண்டாவது மனுவுக்கு முன்பே எல்லாம் கைக்கு வந்துவிட வேண்டும்.

வக்கீலுக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை. ஹஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேட்டுப் போங்கள். ஃபோனில் கேட்க 15100. தர மாட்டேன் என்று அடம்பிடித்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வாங்கலாம். நம்பி ஒப்படைத்ததை மோசம் செய்ததாகப் போலீஸில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் முதலில் சமரச மையத்தில் பேசிப் பார்ப்பது என் விருப்பம். சாமான் விஷயம் வழக்காகிவிட்டால் வருடங்கள் ஓடும்.

வீடோ மனையோ இருவர் பெயரிலும் இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். பங்கை எழுதிக் கொடுப்பதாக இருந்தால், இன்னும் கணவன் மனைவியாக இருக்கும்போதே எழுதினால் குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கான சலுகை கிடைக்குமா என்று தீர்ப்புக்கு முன்பே வக்கீலிடம் கேளுங்கள். வீட்டுக் கடனில் உங்கள் கையெழுத்து இருந்தால், வங்கி உங்களை எழுத்தில் விடுவிக்கும் வரை அந்தக் கடன் உங்களுடையதும்தான்.

நான்காவது: சாமான் எடுக்கப் போகும் நாள்

தனியாகப் போகாதீர்கள், கூட்டமாகவும் போகாதீர்கள். அதிகம் பேசாத அண்ணன் ஒருவர், இரு தரப்புக்கும் பொதுவான பெரியவர் ஒருவர், தூக்க இரண்டு ஆள், ஒரு குட்டியானை வண்டி. குழந்தைகளை அழைத்துப் போகவே கூடாது. தன் வீட்டைக் கலைத்து வண்டியில் ஏற்றுவதைப் பார்த்த குழந்தை அதை மறக்காது.

வார நாளில் காலையில் போங்கள். ஏதாவது தகராறு என்றால் நீதிமன்றமும் வக்கீலும் கிடைக்கும் நேரம் அது. சாக்கு, கயிறு, பழைய பெட்ஷீட் கொண்டுபோங்கள். நோட்டை ஒருவர் படிக்க, ஒருவர் எடுத்து வைக்க, ஒருவர் வீடியோ எடுக்கட்டும். முடிந்ததும் பட்டியலில் இரண்டு நகல், இரண்டிலும் இரு தரப்புக் கையெழுத்து, சாட்சிக் கையெழுத்து. கிடைக்காத பொருளுக்கு எதிரே "கிடைக்கவில்லை" என்று அங்கேயே எழுதுங்கள்.

அன்றைக்கு எதற்கும் பதில் பேச வேண்டாம். "இந்த மிக்ஸி நாங்க வாங்கினது" என்றால், "சரிங்க, அது இருக்கட்டும், குறிச்சுக்கறோம்" என்று நகர்ந்துவிடுங்கள். ஒரு மிக்ஸிக்காகச் சண்டை பிடித்து நகை கேட்க முடியாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. மாமியார் பரம்பரையாக வைத்திருந்த அட்டிகை ஒன்றை உங்களுக்குப் போட்டிருந்தால், சட்டப்படி அது உங்களுடையது. ஆனாலும் திருப்பிக் கொடுத்தால் மனது லேசாகும் என்று தோன்றினால் கொடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

இதைப் படிக்கும் ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் அவருடைய சாமான் இருந்தால், அவர் கேட்கும் முன்பே பட்டியல் போட்டு வையுங்கள். சான்றிதழும் குழந்தைகளின் மருத்துவக் காகிதமும் இருந்தால் அதே வாரம் அனுப்பிவிடுங்கள். கோபத்தில் துணியை எரிப்பது, புடவையை வேலைக்கார அம்மாவுக்குக் கொடுப்பது, நகையை அடகு வைப்பது எல்லாம் உங்களையே வழக்கில் மாட்டிவிடும். அதைவிட, அவை இன்னொருவர் வீட்டார் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேர்த்தவை.

ஐந்தாவது: வந்ததும் பிரிக்காதீர்கள்

சாமான் வந்த அன்றைக்கே அம்மாவும் பெரியம்மாவும் உட்கார்ந்து மூட்டையை அவிழ்ப்பார்கள். "இது போன ஆடிக்கு எடுத்துக் கொடுத்தது சாமி" என்று ஆளாளுக்கு அழ ஆரம்பிப்பார்கள். அதைத் தடுங்கள். அன்றாடத்துக்குத் தேவையான பாத்திரம், துணியை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு, மற்றதைக் கட்டியபடியே அட்டாலியில் ஏற்றிவிடலாம். மூட்டை மேல் தேதி எழுதுங்கள்.

எப்போது அவிழ்ப்பது? எனக்குப் பிடித்த கெடு போகி. நம் வீடுகளில் எப்படியும் மார்கழிக் கடைசியில் வெள்ளையடித்துச் சாமான் ஒதுக்குவோம். ஊரே கழிக்கும் நாளில் நீங்களும் கழிப்பதில் யாரும் தனியாக எதையும் பார்க்க மாட்டார்கள். ஆனால் நெருப்பில் போடாதீர்கள். கடிதம், ஃபோட்டோ, டாக்டர் சீட்டு, பழைய ஃபோன் எதுவும் வழக்கு முழுதாக முடியும் வரை அழியக் கூடாது. எது எப்போது ஆதாரமாகும் என்று சொல்ல முடியாது.

பிரிக்கும்போது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, இது என் இப்போதைய வாழ்க்கைக்கு உழைக்குமா என்பதுதான். யார் கொடுத்தது, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம். உழைக்கும் என்றால் வெட்கப்படாமல் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டுக் குக்கரில் வைத்த சோறும் சோறுதான்.

தாலி

இதைப் பற்றி எல்லோரும் கருத்துச் சொல்வார்கள், ஒருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஒன்றே ஒன்று: வழக்கு நடக்கும்போது தாலி விஷயத்தில் எதைச் செய்வதானாலும் வக்கீலிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், மனைவி தாலியைக் கழற்றியதையும் கணவருக்கு இழைத்த மனக்கொடுமையாக எடுத்துக்கொண்டது. அந்தக் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்.

தீர்ப்புக்குப் பிறகு அது முழுக்க உங்கள் விருப்பம். கோட்டை மாரியம்மன் உண்டியலில் போட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. மாங்கல்யத்தை மட்டும் உண்டியலில் போட்டு, கொடியை உருக்கி மகளுக்குக் கம்மல் செய்தவர்களும் உண்டு. லாக்கரில் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டவர்களும் உண்டு. உண்டியலில் போட்டால் திரும்பி வராது. அதனால் ஆடித் திருவிழாக் கூட்டத்தில், மனது பொங்கும் நேரத்தில் முடிவெடுக்காமல் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் முடிவெடுங்கள்.

நகை

நகையை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்குப் போவதற்கு முன், ஹால்மார்க் மையத்தில் தரம் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுமக்களின் நகையையும் குறைந்த கட்டணத்துக்குச் சோதித்து எழுதித் தருவார்கள். பழைய நகையில் ஹால்மார்க் முத்திரையோடு வரும் ஆறு எழுத்து அடையாள எண் இல்லாவிட்டாலும் நீங்கள் விற்கலாம்; அந்தக் கட்டாயம் விற்கும் கடைக்குத்தான். எடை, தரம் இரண்டும் கையில் இருந்தால் கடைக்காரர் சொல்லும் கழிவு சரியா என்று உங்களுக்கே தெரியும். கல் எடையைக் கழிப்பது நியாயம்; அரக்கு எடையைக் கழிப்பதும் நியாயம். அதற்கு மேல் கழித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கடைவீதியில் அடுத்த கடை பத்தடி தூரம்.

எல்லாவற்றையும் விற்காதீர்கள். அவசரத்துக்கு அடகு வைக்கக் கொஞ்சம் தங்கம் தனியாக இருப்பது, வங்கியில் பணம் இருப்பதைவிடத் தெம்பு. வங்கிப் பணத்தை உறவினர் கேட்பார்கள். விற்ற பணம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் என்றால் உங்கள் தனிக் கணக்குக்கு வரும்படி கேளுங்கள், பில் வாங்குங்கள். பெரிய தொகை என்றால் வரி உண்டா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

வெள்ளி விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்தது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகள் தெருத்தெருவாக இருக்கின்றன. பழைய கொலுசு, குங்குமச்சிமிழ், வெள்ளித் தட்டைக் கொடுத்து எடைக்கு எடை புதுசாகச் செய்துகொள்ளலாம், கூலி மட்டும் ஆகும். வளைகாப்புக்குப் போட்ட கொலுசைப் பார்க்கவே முடியவில்லை என்று சொன்ன தோழி ஒருத்தி அதை உருக்கிக் குழந்தைக்குச் சோறூட்டும் கிண்ணமாகச் செய்துகொண்டாள். விற்பதைவிட இது நல்ல வழி என்பது என் எண்ணம்.

பட்டுப்புடவை

முகூர்த்தப் புடவையைக் கையில் எடுக்கும்போதுதான் பலருக்கும் உடைந்துபோகும். மடிப்பில் இன்னும் சந்தன வாசம் இருக்கும். முதலில் அதை வெயில் படாத நிழலில் ஒரு நாள் உதறிப் போடுங்கள். மடிப்பிலேயே கிடந்தால் ஜரிகை ஒடிந்து புடவை இழை விட்டுவிடும்.

"பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று தெருவில் வருபவரிடம் அவசரமாகக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வாங்குவது பட்டுக்காக அல்ல, ஜரிகையில் உள்ள வெள்ளிக்காக. முந்தானை ஓரத்தில் ஒரு இழையை உருவி நகத்தால் சுரண்டிப் பாருங்கள். மேல் பூச்சு விலகி உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் ஜரிகை. வேறு நிற நூல் வந்தால் பெரும்பாலும் சாதா ஜரிகை. அதே இழையை அவரும் சுரண்டிப் பார்ப்பார், பார்த்துவிட்டு உங்களிடம், "ஜரிகை சுமார்தாங்க்கா" என்பார். உங்களுக்கு முன்பே தெரிந்திருந்தால் விலை தானாக ஏறும். அம்மாப்பேட்டை, குகைப் பக்கம் தறிக்காரர் யாரையாவது தெரிந்தால் ஒரு தடவை காட்டிவிடுங்கள், பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

விற்க மனமில்லை, கட்டவும் முடியாது என்றால், பார்டரை வெட்டிப் பெண் குழந்தைக்குப் பாவாடை சட்டை தைக்கலாம். தங்கைக்கோ அண்ணிக்கோ கொடுப்பதாக இருந்தால், வேண்டுமா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். "அறுத்துக்கிட்டவ புடவை" என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். கொடுத்துவிட்டு அந்தத் தயக்கத்தை முகத்தில் பார்ப்பதைவிட, முன்பே கேட்பது மேல்.

பெரிய சாமான்கள்

கட்டிலை முதலில் விற்றுவிடுங்கள். தேக்காகவே இருந்தாலும் சரி. பாயில் படுத்தாலும் தூக்கம் வரும், அந்தக் கட்டிலில் வராது.

பீரோவை வைத்துக்கொள்ளலாம், பூட்டை மட்டும் மாற்றுங்கள். நூறு பேருக்குச் சமைக்கும் அண்டா, தேக்சா, அன்னக்கரண்டி எல்லாம் சின்ன வீட்டில் இடத்தை அடைக்கும். வாடகைப் பாத்திரக் கடையில் கேட்டால் எடைக்கடையைவிட நல்ல விலை தருவார்கள். அல்லது குலதெய்வக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுத்தால், பெயர் வெட்டிய பாத்திரத்தை அப்படியே மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். கல்யாணத்தில் வந்த கம்பளி, போர்வை எல்லாம் சேலத்து வெயிலுக்கு வீண். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர் யாரையாவது தெரிந்தால் ஐப்பசிக்குள் மேலே கொண்டுபோய்க் கொடுங்கள். காப்பிப் பழம் பறிக்கும் மார்கழி, தை மாதங்களில் அங்கே குளிர் எலும்பைத் தொடும். பழைய துணியை ஆசிரமங்களுக்குக் கொண்டுபோகும் முன் ஃபோன் செய்து கேளுங்கள். பல இடங்களில் வாங்குவதில்லை. வாங்கினாலும் துவைத்து, பட்டன் தைத்துக் கொடுப்பது மரியாதை.

ஆல்பமும் குழந்தைகளும்

குழந்தை இல்லை என்றால் ஆல்பம் உங்கள் பாடு. இருந்தால், அது குழந்தையின் சொத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா முகத்தை வெட்டி எடுத்த ஃபோட்டோவைப் பத்து வயதில் ஒரு பையன் பார்த்தால், அவனையும் பாதி வெட்டியதாகத்தான் அவனுக்குத் தோன்றும். கண்ணில் படாத இடத்தில், தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கட்டும். அப்பாவுடன் குழந்தை இருக்கும் படம் ஒன்றிரண்டை அவனுடைய அலமாரியிலேயே வையுங்கள்.

குழந்தையின் சாமானை எந்த வீட்டிலும் குறைக்காதீர்கள். பொம்மை, சைக்கிள், ஸ்கூல் பை எது எங்கே இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேளுங்கள். ஆனால் "உனக்கு அப்பா வாங்கினது வேணுமா, நான் வாங்கினது வேணுமா" என்று கேட்டுவிடாதீர்கள். அது பொருளைப் பற்றிய கேள்வி அல்ல என்று நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

பல நாள் தூக்கமில்லாமல், எந்தப் பொருளைத் தொட்டாலும் கை நடுங்குகிறது என்றால் பிரிக்கும் வேலையை நிறுத்திவிட்டு 14416-க்கு அழையுங்கள். மனநல ஆலோசனைக்கான அரசு எண், இலவசம், தமிழில் பேசலாம்.

புது வீடு

வீடு தேடும்போது "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?" என்ற கேள்வி வரத்தான் செய்யும். கதை சொல்ல வேண்டாம். "நானும் குழந்தையும்தாங்க இருப்போம், வாடகை மாசம் பொறந்ததும் வந்துரும்" என்றால் போதும். அதற்கு மேல் துருவுபவர் வீடு நமக்கு வேண்டாம். வேலைக்குப் போகிறவர் என்றால், வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியையும் விசாரியுங்கள்.

முதல் மாதத்துக்கு மூன்று லிட்டர் குக்கர், இரண்டு பாத்திரம், ஒரு தோசைக்கல், பாய், வாளி, மின்விசிறி இருந்தால் குடித்தனம் நடக்கும். கேஸ் இணைப்பு மாறி வர நாளாகும். அதுவரை ஐந்து கிலோ சிறு சிலிண்டர் வாங்கலாம். முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை போதும். பழைய சாமானைக் கழித்த வேகத்தில் தவணைக்குப் புது சோபா, புது டிவி என்று இறங்காதீர்கள். காலியான மூலை கொஞ்ச நாள் காலியாகவே இருக்கட்டும். அங்கே என்ன வேண்டும் என்று இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பால் காய்ச்ச நாள் பார்க்க வேண்டுமா என்று கேட்பீர்கள். மனது கேட்டால் பாருங்கள். ஆடி, மார்கழி என்று அம்மா தடுத்தால், சாமானை முன்னாலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு நல்ல மாதம் பிறந்ததும் பால் காய்ச்சுங்கள். அம்மாவுக்கும் இந்தக் கல்யாணம் முறிந்திருக்கிறது. அவர் மனதுக்கும் ஒரு நல்ல நாள் வேண்டும்.

கடைசியாக, பெயர் இருக்கும் இடங்கள்

ரேஷன் கார்டில் பழைய அட்டையிலிருந்து பெயர் நீங்கினால்தான் புது அட்டை கிடைக்கும். தீர்ப்பு நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போங்கள். தீர்ப்புக்குச் சான்றிட்ட நகல் நாலைந்து சேர்த்து வாங்கி வைத்தால் பாஸ்போர்ட், பள்ளி, வங்கி எல்லாவற்றுக்கும் ஆகும். சேர்ந்து திறந்த வங்கிக் கணக்கையும் லாக்கரையும் மூடுங்கள். "இருவரில் எவரும்" என்று இருந்தால் அவர் ஒருவரே போய் லாக்கரைத் திறக்க முடியும்.

நாமினி பெயரைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விவாகரத்து ஆனால் அவர் உங்கள் வாரிசு அல்ல. ஆனால் எல்ஐசி பாலிசி, வங்கி டெபாசிட், மியூச்சுவல் ஃபண்டில் எழுதிய நாமினி பெயர் தானாக மாறாது. நாளை உங்களுக்கு ஏதாவது ஒன்று ஆனால், பணம் முதலில் அந்தப் பெயரைத் தேடித்தான் போகும். உங்கள் அம்மாவோ குழந்தையோ அலைந்துதான் வாங்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரே ஒரு படிவம்தான். பிஎஃப் என்றால் ஆன்லைனிலேயே மாற்றலாம். குழந்தை பெயரைப் போட்டால், பதினெட்டு வயது வரை யார் பொறுப்பு என்ற கட்டத்தில் நீங்கள் நம்பும் ஒருவரின் பெயரை எழுதிவிட்டு, அதை அவரிடமும் சொல்லி வையுங்கள்.